தாளும் படிமமும்: ஆவணக் காப்பு குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு நிறுவனத்தின் நினைவு அதன் ஆவணங்களில் தங்கியிருக்கிறது. தலைவர்கள் மாறுவர், செயலர்கள் மாறுவர், எழுத்தர்கள் ஓய்வு பெற்றுச் செல்வர். யார் எந்த ஆண்டில் சேர்ந்தார், எப்பணியில் இருந்தார், என்று விலகினார், அவருக்கு உரியது யாது என்னும் வினாக்களுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்தும் விடை தரவல்லது பதிவேடு ஒன்றே. அப்பதிவேடு அழியுமாயின், அதனை நம்பியிருந்த ஒருவரின் உரிமையும் அதனோடு அழிந்துபோகக்கூடும். ஆதலின் ஆவணக் காப்பினை அலுவலக நடைமுறை என்று கருதி ஒதுக்கிவிட இயலாது. அதனை அறத்தின் பாற்பட்டதாகவே கொள்ளல் வேண்டும்.

இன்று கல்வி நிறுவனங்களும் சங்கங்களும் அறக்கட்டளைகளும் தம்மிடம் உள்ள தாள் ஆவணங்களைக் கணிப்பொறிப் படிமங்களாக மாற்றி வருகின்றன. 'எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டோம். இனிக் கவலையில்லை' என்று கூறுவாரையும் காண்கிறோம். இக்கூற்று எந்த அளவிற்கு உண்மை? படிமமாக்கல் எதனைக் காக்கும்? எதனைக் காவாது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அமெரிக்க நாட்டின் பெரும் ஆவணக் காப்பகம் ஒன்றின் வரலாற்றை முதன்மைச் சான்றாகவும், பிற நாடுகளில் நிகழ்ந்த சிலவற்றைத் துணைச் சான்றுகளாகவும் கொள்கிறோம்.

செயின்ட் லூயி தரும் பாடம்

மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயி நகரையொட்டிய ஓவர்லேண்டு என்னும் ஊரில், அமெரிக்கப் படைவீரர்களின் பணி ஆவணங்களைக் காக்கும் தேசியப் பணியாளர் ஆவண மையம் இயங்கிவந்தது. ஆறு தளங்கள் கொண்ட அக்கட்டடம் 1956இல் கட்டி முடிக்கப்பட்டது. தீ மூண்டால் தானே நீர் தெளிக்கும் கருவிகள் ஆவணக் கூடங்களில் பொருத்தப்படவில்லை. நீர் கசிந்தால் தாள்கள் கெடுமே என்னும் அச்சமும் அதற்கு ஒரு காரணமாயிற்று.

1973ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் ஆறாம் தளத்தில் தீப்பற்றியது. தீயை முழுதும் அணைக்கப் பல நாட்களாயின. ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வரையிலான பணிக்கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பெற்றோரின் கோப்புகளில் நூற்றுக்கு 80 பங்கு சாம்பலாயின. இரண்டு உலகப் போர்களில் பங்குகொண்டோரின் வாழ்க்கைச் சான்றுகள் அவை. ஓய்வூதியம், மருத்துவ உதவி, இறுதி மரியாதை ஆகிய யாவும் அக்கோப்புகளைப் பற்றியே நின்றன.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, அக்கோப்புகளுக்கு இரண்டாம் படி எடுக்கப்படவில்லை. நுண்படச்சுருள் எடுக்கும் முறை அக்காலத்தில் நன்கு வழக்கத்தில் இருந்தும், இக்கோப்புகளுக்கு அது செய்யப்படவில்லை. இரண்டாவது, எந்தெந்தக் கோப்புகள் அங்கு இருந்தன என்பதற்கு முழுமையான அட்டவணையும் இல்லை. ஆதலின் எவை அழிந்தன என்பதனைக்கூட உறுதியாக உரைக்க இயலாமற் போயிற்று. பொருளை இழப்பது ஓர் இழப்பு. இழந்தது இன்னதென்று அறிய இயலாமை அதனினும் பெரிய இழப்பு.

எரிந்ததும் நனைந்ததுமாக எஞ்சிய ஏறத்தாழ 65 இலட்சம் கோப்புகள் மீட்கப்பட்டன. பூஞ்சணம் படராதிருக்க மருந்து தெளித்து, வானூர்தித் தொழிற்சாலை ஒன்றின் வெற்றிடக் கலங்களில் அவற்றை உலர்த்தினர். முழுதும் அழிந்துபோனவற்றிற்கு ஈடாக, இறுதி ஊதியப் பட்டியல், மருத்துவமனைப் பதிவு முதலிய பிற ஆவணங்களைத் தேடித் தொகுத்து, 'இவர் பணியாற்றினார்' என்று சான்று வழங்கும் முறை வகுக்கப்பட்டது. நூறாண்டை நெருங்கிய முதியவர்களும் தம் பணியை மெய்ப்பிக்கத் துண்டுத் துண்டான சான்றுகளைத் தேடி அலைய நேர்ந்தது.

இம்மையத்தின் வரலாறு அத்துடன் முடியவில்லை. 2011இல் அது புதிய கட்டடத்திற்கு மாறியது. 2020 மார்ச்சில் கொரோனா நோய்ப்பரவலால் பணியாளருள் மிகப்பெரும்பாலோர் அலுவலகம் வர இயலாமற் போயிற்று. இம்முறை கோப்புகள் எரியவில்லை. தத்தம் அடுக்குகளில் பத்திரமாகவே இருந்தன. எனினும் அவற்றுள் பெரும்பாலானவை தாளிலேயே இருந்தமையால், வீட்டிலிருந்து அவற்றை எவரும் பார்க்க இயலவில்லை. மிக அவசரமானவை மட்டும் கவனிக்கப்பட்டன. தேங்கிய விண்ணப்பங்களின் எண்ணிக்கை 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 6 இலட்சத்தை எட்டியது. அத்தேக்கம் முழுதும் தீர்ந்தது 2024இன் தொடக்கத்தில்தான்.

தீயினால் ஒரு முறையும், பூட்டிய கதவினால் ஒரு முறையும் ஒரே நிறுவனம் இடருற்றது. 'காக்கப்படுதல்' வேறு, 'கிடைத்தல்' வேறு என்பது இதனாற் பெறப்படும். படிமமாக்கல் இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்யவல்லது. எரிந்து கருகிய பக்கங்களில் கண்ணுக்குப் புலப்படாத எழுத்துகளை அகச்சிவப்புக் கதிர்ப்படக்கருவியால் வெளிக்கொணரும் பணியும் அம்மையத்தில் நடைபெற்றுள்ளது. தாள் காட்ட மறுத்ததைப் படிமம் காட்டியது என்பது குறிப்பிடத்தக்கது.

படிமம் என்பது யாது?

வருடி என்று நாம் தமிழில் வழங்கும் ஸ்கேனர் தாளைப் படிப்பதில்லை, பார்க்கிறது. பக்கத்தை நுண்ணிய புள்ளிகளாகப் பகுத்து, ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் நிறத்தையும் எண்ணாக்கிச் சேமிக்கிறது. அலுவலக ஆவணங்களுக்குப் பொதுவாக ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளி என்னும் அளவு கொள்ளப்படுகிறது. அவ்வாறாயின் ஏ4 தாள் ஒன்று அகலத்தில் 2,480, உயரத்தில் 3,508 என, ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகளாகும். வண்ணப் படிமத்தில் புள்ளி ஒன்றிற்கு மூன்று பைட்டுகள் வேண்டும். எனவே சுருக்காத நிலையில் ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ 26 மெகாபைட்டும், பத்தாயிரம் பக்கங்களுக்கு 260 கிகாபைட்டும் இடம் தேவைப்படும்.

இவ்வளவு இடத்தை மிச்சப்படுத்தவே சுருக்க முறைகள் தோன்றின. அவை இருவகைப்படும். விரித்தால் மூலத்தை அப்படியே தருவது இழப்பிலாச் சுருக்கம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது என்னும் நம்பிக்கையில் சிலவற்றை விடுத்தோ மாற்றியோ சுருக்குவது இழப்புச் சுருக்கம். இவ்வேறுபாடு கணிப்பொறி வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று; ஆவணத்திற்குப் பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. ஏன் என்பதை அடுத்து வரும் நிகழ்ச்சி காட்டும்.

படியெடுப்பில் நேரும் பிழை

2013ஆம் ஆண்டு செருமானியக் கணிப்பொறி அறிஞர் டேவிட் கிரீசல் ஒரு வியப்பான பிழையைக் கண்டறிந்தார். வீட்டு வரைபடம் ஒன்றை ஜெராக்ஸ் நிறுவனத்தின் படியெடுப்புப் பொறி ஒன்றில் வருடியபோது, வெவ்வேறு அளவுடைய மூன்று அறைகளுக்கும் 14.13 சதுர மீட்டர் என்னும் ஒரே அளவு பதிவாகியிருந்தது. மூலத்தில் மற்றை இரண்டு அறைகளின் அளவுகள் 21.11, 17.42 என இருந்தன. எழுத்து மங்கவில்லை, கறை படியவில்லை. எண்கள் தெளிவாகவே இருந்தன. ஆனால் தவறான எண்களாக இருந்தன.

இதன் காரணம் சுருக்க முறையிலேயே இருந்தது. ஒரு பக்கத்தில் ஒத்த வடிவங்கள் பல வருமாயின், ஒன்றனை மட்டும் சேமித்து மற்றை இடங்களில் அதனையே பதிப்பது அம்முறை. சிறிய எழுத்தில் 6உம் 8உம் ஒன்றுபோலத் தோன்றினால், ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமர்ந்துவிடும். அந்நிறுவனம் அதே ஆண்டில் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. எனினும் அதற்கு முன்னர் எத்தனை கணக்குகளில், எத்தனை மருத்துவக் குறிப்புகளில் எண் மாறியதோ, யார் அறிவார்? மூலத்தாள் இருந்தமையால் கிரீசல் பிழையைக் கண்டார். தாளை அழித்திருந்தால் பிழையே மெய்யென நின்றிருக்கும்.

தமிழ் பயில்வோர்க்கு இது புதிய செய்தியன்று. ஓலைச்சுவடி நைந்தபோது புதிய ஏட்டில் பெயர்த்தெழுதிக் காத்தனர் நம் முன்னோர். பெயர்த்தெழுதியோர் எழுத்தை மயங்கிக் கொண்ட இடங்களில் பாடவேறுபாடுகள் தோன்றின. புள்ளியிடாத ஏட்டில் மெய்யையும் உயிர்மெய்யையும், ஏகாரத்தையும் எகரத்தையும் பிரித்தறிதல் எளிதன்று. ஆதலினன்றோ, 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஒரு சுவடியோடு அமையாது, பல சுவடிகளை ஒப்புநோக்கினார்! எழுத்தாணி பிடித்த கை செய்த பிழையை இன்று பொறி செய்கிறது. மருந்து ஒன்றே, அது மூலத்தோடு ஒப்புநோக்கல்.

அட்டவணையின் இன்றியமையாமை

படிமம் பார்ப்பதற்கு உரியது. தேடுவதற்கு உரியதாக அது தானே ஆகிவிடுவதில்லை. பத்தாயிரம் பக்கங்களையும் ஒன்று முதல் வரிசை எண்ணிட்டுக் கணிப்பொறியில் அடுக்கிவிட்டால், பரணில் கட்டிவைத்த மூட்டையைப் பெட்டிக்குள் மாற்றி வைத்ததாகவே அமையும். எவர் பெயரில், எவ்வாண்டில், எவ்வகை ஆவணம் என்னும் குறிப்புகளைக் கொண்ட அட்டவணையே படிமத்திற்குக் கண்.

நம் நாட்டுப் பதிவேடுகளில் அட்டவணை செய்வோர் சந்திக்கும் இடர்கள் சில உள. அவற்றை ஈண்டுத் தொகுத்துக் காண்போம்.

முதலாவது பெயர் வேறுபாடு. ஒரே மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில் 'முகம்மது' எனவும், மதிப்பெண் பட்டியலில் 'முகமது' எனவும், விடுதிக் கணக்கில் 'முஹம்மது' எனவும் எழுதப்பட்டிருப்பார். 'சண்முகம்', 'ஷண்முகம்' என்பனவும் அவ்வாறே. கணிப்பொறி இவற்றை வெவ்வேறு மனிதராகவே கொள்ளும். மூலத்தில் உள்ளவாறு ஒரு முறையும், பொது வடிவில் ஒரு முறையும் பெயரைப் பதிவதே இதற்குத் தக்க வழி.

இரண்டாவது ஆண்டு வேறுபாடு. பழைய நிலவரிக் கணக்குகள் பசலி ஆண்டில் அமைந்தவை. பசலி 1400 என்பது 1990 சூலை முதல் 1991 சூன் வரையிலான காலம். இதனை அறியாதார் பசலியை ஆங்கில ஆண்டென மயங்கினால், ஆவணம் நூற்றாண்டுகள் தள்ளிப்போய் நிற்கும்.

மூன்றாவது எழுத்து வேறுபாடு. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன்னர் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் வடிவங்கள் வேறாக இருந்தன. படிமத்திலிருந்து எழுத்தை உணரும் மென்பொருள்கள் இன்று தமிழுக்கும் உள்ளன. தெளிவான அச்சுப்பக்கத்தில் அவை நன்கு துணைசெய்கின்றன. ஆயினும் பழைய வடிவங்களிலும், கையெழுத்துப் பதிவேடுகளிலும் அவற்றையே முழுதும் நம்பி இருத்தல் கூடாது. பழைய கையெழுத்தைப் படிக்கவல்ல மூத்த எழுத்தரின் துணை இங்கேதான் தேவைப்படுகிறது. அத்தகையோர் நம்மிடையே இருக்கும்போதே அட்டவணைப் பணியைத் தொடங்குதல் நலம்.

படிமத்தின் ஆயுள்

படிமத்திற்கும் முதுமை உண்டு. இங்கிலாந்தில் 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்கின் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டின் நிலையைக் காட்டும் புதிய தொகுப்பு ஒன்றை லேசர் வட்டுகளில் வெளியிட்டது. பள்ளி மாணவர் உள்ளிட்ட பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதற்கு உழைத்தனர். அவ்வட்டுகளைப் படிக்கும் பொறி விரைவில் வழக்கொழிந்தது. பதினாறு ஆண்டுகளுக்குள், 2002இல், அதனை மீண்டும் படிக்கச் செய்வதே பல்கலைக்கழக ஆய்வாளர்க்கு ஓர் ஆய்வுப் பணியாயிற்று. தோலில் எழுதிய பழைய கணக்கோ இன்றும் கண்ணாற் படிக்கத்தக்க நிலையில் இருக்கிறது.

தாள் கவனிப்பாரற்றுக் கிடந்தும் நூறாண்டு வாழக்கூடும். படிமம் அவ்வாறு வாழாது. குறிப்பிட்ட காலத்திற்கு ஒரு முறை புதிய வட்டிற்கும் புதிய வடிவத்திற்கும் அதனை மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். நெடுங்காலக் காப்பிற்கென்றே 2005இல் பன்னாட்டுத் தர அமைப்பு பி.டி.எப்./ஏ என்னும் கோப்பு வடிவத்தைத் தரப்படுத்தியது. ஒரு தனி நிறுவனத்தின் மென்பொருளை நம்பி நிற்கும் வடிவத்தினும் இத்தகைய பொது வடிவமே ஏற்றது.

தாளை அழிக்கலாமா?

படிமம் எடுத்தபின் இடநெருக்கடி கருதித் தாளை எடைக்குப் போடும் எண்ணம் பலர்க்கும் எழுகிறது. இதிலும் ஒரு நாட்டின் பட்டறிவு நமக்கு உதவும். 1950களிலும் 1960களிலும் கரீபியத் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்து பிரித்தானியாவிற் குடியேறியோரின் வருகைச் சீட்டுகளை அந்நாட்டு அரசுத் துறை 2010இல் அழித்தது. பின்னர்க் குடியேற்ற விதிகள் கடுமையாயின. அரை நூற்றாண்டு அங்கேயே உழைத்து முதுமையுற்றோரிடம், 'நீர் எப்போது வந்தீர்? சான்று காட்டுக' என்று கேட்கப்பட்டது. சிலர் வேலை இழந்தனர். சிலர் மருத்துவம் மறுக்கப்பெற்றனர். சிலர் நாடு கடத்தவும் பட்டனர். 2018இல் இக்கொடுமை வெளிப்பட்டு, பிரதமர் மன்னிப்புக் கோர நேர்ந்தது. அச்சீட்டுகள் இருந்திருந்தால் அவர்களுட் சிலர்க்கேனும் துணையாகியிருக்கும். அவை வெறும் பழந்தாள்களாக எண்ணப்பட்டன. பழந்தாள் எது, ஒருவரின் பற்றுக்கோடு எது என்பதனைக் காலமே காட்டுகிறது.

நம் நாட்டுச் சட்ட நிலையையும் கருதுதல் வேண்டும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்திற்குச் சட்ட ஏற்பு வழங்கியது. எனினும் உயில் முதலிய சில அச்சட்டத்தின் வரம்பிற்கு வெளியே வைக்கப்பட்டன. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் முன்வைப்போர் உரிய சான்றிதழையும் உடன் வைக்க வேண்டும் என்கிறது. அச்சான்றிதழில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பும் குறிக்கப்படுதல் வேண்டும். ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டுப் பெறும் அடையாள எண் அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினும் அவ்வெண் மாறிவிடும். எனவே படிமம் எடுத்த அன்றே அதனைக் கணக்கிட்டுப் பதிந்துவைப்பின், பின்னர் எவரும் திருத்தவில்லை என்பதனை மெய்ப்பித்தல் எளிதாகும்.

செய்யத்தக்க முறைமை

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு நிறுவனம் பின்பற்றத்தக்க முறைமையைப் பின்வருமாறு வகுக்கலாம்.

1. முதலில் இருப்பதனை எண்ணுக. எத்தனை பதிவேடுகள், எவ்வாண்டுக்குரியவை, எந்நிலையில் உள்ளன என்னும் பட்டியல் வருடியை வாங்கும் முன்னரே ஆயத்தமாதல் வேண்டும்.

2. எல்லாவற்றையும் ஒருங்கே தொடங்காது, இழந்தால் ஈடு செய்ய இயலாதவற்றை முதலில் எடுக்க. சேர்க்கைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, பணிப்பதிவேடு, நில ஆவணம், கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடு ஆகியன இவ்வகையின.

3. மூலப்படிமத்தை இழப்பிலாச் சுருக்கத்திற் சேமிக்க. அன்றாடப் பயன்பாட்டிற்குச் சிறிய படி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்க.

4. எடுத்தவர் ஒருவர், ஒப்புநோக்குபவர் வேறொருவர் என்னும் முறையைக் கைக்கொள்க. எண்கள் நிறைந்த பக்கங்களைக் கூடுதற் கவனத்தோடு பார்க்க.

5. மூன்று படிகள் வைக்க. அவற்றுள் ஒன்றேனும் வேறு ஊரில் இருத்தல் வேண்டும். ஆண்டிற்கொரு முறை அவற்றைத் திறந்து பார்க்க.

6. ஒப்புநோக்காத எதன் தாளையும் அழியாதிருக்க. ஒப்புநோக்கிய பின்னரும் உரிமைசார்ந்த மூல ஆவணங்களை உலர்ந்த இடத்திற் காக்க.

7. பிறருடைய பெயரும் மதிப்பெண்ணும் மருத்துவக் குறிப்பும் படிமமானபின் எளிதிற் பரவக்கூடியன. யார் எதனைப் பார்க்கலாம் என்பதனை எழுத்தில் வரையறுக்க.

இவற்றுள் வருடும் பணியே மிக எளியது. எண்ணுதலும் அட்டவணையிடலும் ஒப்புநோக்கலும் பொறுமையை வேண்டுவன. நிறுவனங்கள் பலவும் பொறிக்குப் பணம் ஒதுக்கி, இப்பணிகளுக்கு ஆளை ஒதுக்க மறந்துவிடுகின்றன. அங்கேதான் முயற்சி பாழாகிறது.

முடிவுரை

தாள் சிறந்ததா, படிமம் சிறந்ததா என்னும் வினாவைக் காட்டிலும், காப்பவர் யார் என்னும் வினாவே முதன்மையானது. செயின்ட் லூயியில் படியும் பட்டியலும் இன்மையால் இழப்பு நேர்ந்தது. செருமனியில் படி இருந்தும் அது மெய்யாக இல்லை. இங்கிலாந்தில் மெய்யான படி இருந்தும் படிக்கும் கருவி இல்லாமற் போயிற்று. வேறோரிடத்தில் தாளின் பயனை உணராது அதனை அழித்தனர். இந்நான்கு குறைகளையும் நீக்கிய இடத்திலேயே ஆவணம் நிலைபெறும்.

நாளை ஒரு முதியவர் தம் இளமைக்காலப் படிப்பிற்குச் சான்று வேண்டி ஒரு கல்லூரியின் வாயிலில் வந்து நிற்கக்கூடும். அவரை அறிந்த ஆசிரியர் எவரும் அன்று அங்கு இரார். அவர் பெயரை ஒரு வகையாக எழுதினால் கிடைக்காது. வேறு வகையாக எழுதினால் கிடைக்கும் என்று அறிந்த எழுத்தரும் இரார். அவர் கையில் வெறுங்காகிதம்தானும் இராது. அப்போது அவருக்காகப் பேசவேண்டியது, இன்று நாம் செம்மையாக எடுத்து, ஒப்புநோக்கி, அட்டவணையிட்டு வைக்கும் ஒரு பக்கமே. அவர் முகத்தை மனத்திற்கொண்டு இப்பணியைத் தொடங்குவோமாக.